முதிரைக் கட்டில் பலெர்மோவுக்கு வந்தது

பலெர்மோவில் நான் தோளில் ஏற்றாத அலுமாரி இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சிலர் கதையைத் தொடங்குவார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உள்ள தொடர்பு முடிந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்து இறங்கியபோது இத்தாலி மொழியில் எனக்குத் தெரிந்தது 'சி' என்ற ஒரு சொல். எதைக் கேட்டாலும் சி, அதாவது ஓம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மாடிப்படி கழுவினேன். நடக்க முடியாத ஒரு வக்கீலைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளினேன். பிறகு லாப்பா என்று இங்கே சொல்லும் மூன்று சக்கர வண்டி ஒன்றை எடுத்து, வீடு மாறுகிறவர்களின் சாமான் ஏற்றி இறக்கத் தொடங்கினேன். லாப்பா போய் வான் வண்டி வந்தது. இன்று சந்தையில் மீன் விற்கிறவன்கூட என்னைக் கண்டால் 'ட்ஸூ' என்று கூப்பிடுகிறான். மாமா என்பது மாதிரி ஒரு மரியாதைச் சொல். பலெர்மோக்காரன் அதை எல்லோருக்கும் கொடுத்துவிட மாட்டான்.

எங்கள் ஆட்கள் இந்த ஊருக்கு வந்தபோது ஒருவரும் தளபாடம் கொண்டு வரவில்லை. ஒரு சூட்கேசும் மிளகாய்த்தூளும் கொண்டு வந்தோம். இங்கே வாங்கவும் இல்லை. எங்கள் பெண்கள் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோராமார், அதாவது எசமானி அம்மாமார், வேண்டாம் என்று கழித்ததைத் தந்தார்கள், நான் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினேன். அதனால் எங்கள் ஆட்களின் எந்த வீட்டுக்குள் போனாலும் அங்கேயுள்ள சாமான்களின் பூர்வீகம் எனக்குத் தெரியும். இந்தச் சோபாவில் ஒரு பல்வைத்தியரின் வீட்டில் நோயாளிகள் காத்திருந்தார்கள். அதில் இருந்தால் எனக்கு இன்றைக்கும் பல் கூசும். அந்தச் சாப்பாட்டு மேசை ஒரு பாதிரியாருடையது. இந்தக் கண்ணாடி அலுமாரி, அண்ணனும் தம்பியும் சொத்துக்குச் சண்டை பிடித்து, கடைசியில் இருவரும் வேண்டாம் என்று விட்டது. நாங்கள் ஒருவரும் இதில் வெட்கப்பட்டதில்லை. நல்ல மரம், நல்ல வேலைப்பாடு, சும்மா கிடைத்தது.

எங்கள் கட்டிலும் அப்படி வந்ததுதான். வால்நட் மரம். தலைமாட்டில் திராட்சைக் குலை செதுக்கியிருக்கும். என் மனைவி ஒரு சிஞ்ஞோராவின் தாயாரைக் கடைசிக் காலத்தில் பராமரித்தாள். கிழவி போன பிறகு சிஞ்ஞோரா என் மனைவியைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, அந்தக் கட்டிலைத் தந்தா. நல்ல மனசோடுதான் தந்தா. நானே போய்ப் பிரித்து இறக்கினேன். பிள்ளை பள்ளிக்கூடம் போய், வளர்ந்து, கல்யாணம் கட்டிப் போகும்வரை அதிலேயே படுத்தோம்.

பிறகு நான் வீடு வாங்கினேன். வாடகை வீடு இல்லை, வாங்கிய வீடு. பழைய கட்டிடம், நாலாம் மாடி, தெருவைப் பார்த்த பல்கனி, தலைக்கு மேலே மொட்டை மாடி. திறப்பு கைக்கு வந்த அன்று மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் குசினியைப் பார்த்தாள், குழாயைத் திறந்து பார்த்தாள், பிறகு வெறுமையாகக் கிடந்த படுக்கையறையில் போய் நடுவில் நின்றாள்.

"இஞ்சாருங்கோ."

"சொல்லும்."

"அந்தக் கட்டில் இஞ்சை வரக் கூடாது."

"ஏன்? நல்ல மரமெல்லோ. எத்தினை பேர் பாத்துப்போட்டு வித்துவிடுறியளோ எண்டு கேட்டவை."

"நல்ல மரம்தான். அதிலை அந்த மனிசியை எத்தினை தரம் பிரட்டிப் பிரட்டிக் கழுவியிருப்பன்? அவ போன இடத்திலைதான் நான் படுக்கிறன். இரவிலை முழிச்சா, கை தன்பாட்டிலை அவவைத் தேடுது, நனைச்சுப்போட்டாவோ எண்டு."

கையிலிருந்த திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?"

"இவ்வளவு காலமும் இருந்தது ஆரின்ரையோ வீடு. ஆரின்ரையோ வீட்டிலை ஆரின்ரையோ கட்டில். இது எங்கடை வீடு. ஒருத்தரும் படுக்காத கட்டில் எண்டைக்கு வருதோ, அண்டைக்கு நான் வாறன். அதுவரைக்கும் மகளோடை இருக்கிறன்."

கோபத்தில் சொல்லவில்லை. சந்தைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பது மாதிரிச் சொன்னாள். சொன்னபடி உடுப்புகளைக் கட்டிக்கொண்டு ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போய்விட்டாள். எங்கள் மருமகன் அங்கே கடற்கரையில் மீன் சாப்பாட்டுக் கடையில் சமையல். அவர்களுக்கு வீடு பக்கத்திலேயே. நான் வாங்கிய வீட்டில் நான் தனியாக, நிலத்தில் பாய் விரித்துப் படுத்தேன்.

சாதாரண ஆள் என்றால் அடுத்த நாளே கடைக்குப் போய் ஒரு கட்டிலை வாங்கிப் போட்டிருப்பான். நானும் போகவில்லை என்றில்லை. மனைவியையும் கூட்டிக்கொண்டு நகரத்துக்கு வெளியே உள்ள ஒரு பெரிய கடைக்குப் போனேன். வரிசை வரிசையாகக் கட்டில்கள். ஒன்றில் ஒரு புருசனும் பெண்சாதியும் சப்பாத்தோடு ஏறி மல்லாக்கப் படுத்து, கூரையைப் பார்த்து எதையோ பேசிக்கொண்டு கிடந்தார்கள். மனைவி அவர்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இவை படுக்கிறதைத் தாறேல்லை," என்றேன். "உள்ளுக்கிருந்து பெட்டியிலை புதுசு எடுத்துத் தருவினம்."

அவள் கட்டிலின் பக்கப் பலகையை விரலால் தட்டினாள். அட்டைப்பெட்டியைத் தட்டிய சத்தம். மரத்தூளை அரைத்து ஒட்டி, மேலே மரம் மாதிரிப் படம் ஒட்டியிருந்தார்கள். எத்தனையோ வீட்டில் இதைத் தூக்கியிருக்கிறேன். ஒரு தரம் பூட்டலாம். கழற்றிப் பூட்டினால் ஆணி நிற்காது.

"இது நாங்கள் போகமுந்திப் போயிடும்," என்றாள்.

இப்போது புதிதாக வருகிற இளம் குடும்பங்கள் என்னிடம் வந்து கேட்பார்கள், எதை ஊரிலிருந்து கொண்டு வருவது, எதை இங்கே வாங்குவது என்று. நான் சொல்வது ஒன்றுதான். மின்சாரத்தில் ஓடுவதை இங்கே வாங்கு. பஞ்சு வைத்ததை இங்கே வாங்கு. ஆனால் உன் உடம்பைத் தாங்கப்போகும் மரத்தை, அந்த மரத்தைத் தெரிந்தவனிடம் வாங்கு. இங்கே பிரான்காச்சோவில் நல்ல தச்சர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் செய்விக்கலாமே என்று மகளும் கேட்டாள். செய்விக்கலாம். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவர்களிடம் முதிரை இல்லை. முதிரை மரம் மஞ்சளாக, பட்டு மாதிரி மினுங்கும். கறையான் பல் வைக்காது. சின்ன வயதில் நான் அந்த மரத்தை ஊர் அதிகாரி விதானையார் வீட்டிலும் வைத்தியர் வீட்டிலும் எட்டி நின்று பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் கிடந்தது சாக்குக் கட்டில்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் முன்னால் அறிவித்தேன்.

"ஊரிலை முதிரையிலை கட்டில் செய்விச்சுக் கப்பலிலை கொண்டுவரப் போறன்."

மனைவியின் தமையன், என் மச்சான், அன்றைக்கு வந்திருந்தான். சியாகுல்லியில் மண்டரின் தோட்டத்தில் வேலை. வரும்போதெல்லாம் ஒரு பை பழம் கொண்டு வருவான், கூடவே ஒரு பை நக்கல். உரித்த பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"மச்சான், நாங்கள் இஞ்சையிருந்து ஊருக்குப் பெட்டி அனுப்புறனாங்கள். உலகத்திலை ஆர் அங்கையிருந்து இஞ்சை அனுப்பினவன்?"

"நான்தான். இப்ப கேள்விப்பட்டிட்டாய்தானே."

"கட்டில் வரேக்கை அதுக்கும் எங்களைப்போலை பெர்மெஸ்ஸோ, விசா, எடுக்கவேணுமே? குவெஸ்தூராப் பொலிசுக் கந்தோரிலை கொண்டுபோய்க் கைரேகை வைப்பியோ, கால்ரேகை வைப்பியோ? நாலு கால் இருக்கெல்லோ!"

எல்லோரும் சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை. எனக்கு இன்னொரு கரண்டி கணவாய்க் கறி போட்டாள். அதுதான் எனக்குக் கிடைத்த உத்தரவு.

ஊரில் எனக்குத் தெரிந்த தச்சர் ஒருவர் இருந்தார். கைபேசியில் முகம் பார்த்துக் கதைத்தோம். அவர் முதலில் கேட்டது மரத்தைப் பற்றி இல்லை.

"அண்ணை, அக்காவின்ரை நட்சத்திரம் என்ன?"

"அனுஷம்."

வீட்டுக்கு மனைப்பொருத்தம் பார்ப்பது போல எங்களில் கட்டிலுக்கும் பார்ப்பது உண்டு. நீளமும் அகலமும் படுக்கிறவளின் நட்சத்திரத்தோடு ஒத்துவர வேண்டும். ஒரு அங்குலம் கூடினால் நோய், ஒரு அங்குலம் குறைந்தால் சண்டை என்று அந்தச் சாத்திரத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு பலன் இருக்கிறது. தச்சர் கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் பார்த்து, அடியிலும் அங்குலத்திலும் ஒரு அளவு சொன்னார். நித்திரைக்கு மிக நல்ல அளவு என்றார். நித்திரை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

"அதிலை மயிரிழை பிசகக் கூடாது," என்றேன்.

"என்ரை உளியிலை பிசகாது. ஆணி ஒண்டும் அடிக்கமாட்டன். முழுக்க ஆப்புத்தான். கழற்றிப் பூட்டலாம். தலைமாடு மட்டும் ஒரே பலகை, அதை வெட்ட எனக்கு மனம் வராது."

"வெட்டாதை. அதை ஏத்துறது என்ரை பாடு."

கட்டில் முடிந்தது. மரத்துக்குப் புகை அடித்து, பெட்டி அடித்து, கொழும்பில் வேறு ஆட்களின் சாமானோடு ஒரு கொள்கலனில் ஏற்றினார்கள். எவ்வளவு காசு முடிந்தது என்று என்னைக் கேட்காதவர் இல்லை. அதை மனைவிக்கே சொல்லவில்லை, உங்களுக்கா சொல்லப்போகிறேன்? கப்பல் நேரே வரும் என்று நினைத்தேன். செங்கடல் பக்கம் பிரச்சினையாம், ஆபிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போனது. மச்சானுக்கு அது பெருநாள். ஒவ்வொரு ஞாயிறும் மண்டரினை உரித்துக்கொண்டே விசாரிப்பான்.

"கட்டில் இப்ப எங்கை மச்சான்? கேப் டவுனிலை இறங்கித் தேத்தண்ணி குடிக்குதோ?"

"குடிக்கட்டும். உன்ரை அலுமாரிக் கதவு பூட்டுப்படுதோ?"

அவன் அந்தப் பெரிய கடையில் எல்லாவற்றையும் புதிதாக வாங்கியவன். கதவு பூட்டுப்படுவதில்லை, கயிறு கட்டி வைத்திருக்கிறான். அது எனக்குத் தெரியும். நான்தான் ஏற்றி இறக்கினேன்.

ஆனால் அந்த மாதங்கள் லேசாக இருக்கவில்லை. ஞாயிறு பின்னேரங்களில் நானும் மனைவியும் ஸ்ஃபெர்ராகவால்லோக் கரையில் வள்ளங்களுக்குப் பக்கத்தில் போய் இருப்போம். வீட்டைப் பற்றிக் கேட்பாள். பல்கனியில் வெயில் எப்போது வருகிறது, கீழ்வீட்டு ஆட்கள் எப்படி, எல்லாம் கேட்பாள். வாரும் ஒருக்கா வந்து பாரும் என்றால் தலையை ஆட்டுவாள். ஒரு நாள் என் முழங்காலைக் கையால் தொட்டு, "பாயிலை கிடந்து உங்களுக்கு நாரி பிடிச்சிட்டுதே?" என்றாள். இல்லை என்றேன். இடுப்பு பிடித்துத்தான் இருந்தது.

கட்டில் நாப்போலித் துறைமுகத்தில் இறங்கியது. என் வானைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு நானே போய் எடுத்துக்கொண்டு வந்தேன். பெட்டியை உடைத்தபோது எங்கள் தெருவெல்லாம் முதிரை மணந்தது. வானுக்குள் கிடந்த கால்களை, சட்டங்களை, ஒவ்வொன்றாகப் படியால் தூக்கிக்கொண்டு போனோம். தலைமாடு படியில் திரும்பவில்லை. திரும்பாது என்று எனக்கு முதலே தெரியும். அந்தப் படிக்கட்டை வீடு வாங்கமுதலே கண்ணால் அளந்தவன் நான்.

பல்கனியால் ஏற்றினேன். வெளியே நிறுத்துகிற ஏணி இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கும். எனக்கு எதற்கு? மொட்டை மாடியில் கப்பி கட்டி, பலகையைப் போர்வையால் சுற்றி, வடத்தைக் கொடுத்தேன். மேலே பல்கனியில் வடத்தை இழுக்க நான். கீழே பலகை சுவரில் அடிபடாமல் இழுத்துப் பிடிக்கிற கயிற்றில் மருமகனும் மச்சானும். ஓம், மச்சான்தான். சியாகுல்லியில் வேலைக்கு லீவு போட்டுவிட்டு பஸ் பிடித்து வந்திருந்தான். நக்கல் அடிக்கிறவன் உதவிக்கு வராமல் இருக்கமாட்டான், அவன் அப்படி ஒரு பிறவி.

தெரு நின்றது. கார்க்காரர் முதலில் ஹார்ன் அடித்தார்கள், பிறகு இறங்கி நின்று எனக்கு யோசனை சொன்னார்கள். மூன்றாம் மாடிக் கிழவி கீழே ரொட்டிக்காரனிடம் பாண் வாங்கக் கயிற்றில் கூடை இறக்கியிருந்தா. கூடை வழியை மறித்தது. "சிஞ்ஞோரா, கூடையை எடுங்கள்," என்று மேலேயிருந்து கத்தினேன். "நீ உன் பலகையை நிறுத்து, என் பாண் முதலில் வந்தது," என்று அவ கத்தினா. தெரு முழுக்கச் சிரித்தது. பாண் போனது, அதன் பின்னால் முதிரை போனது. பல்கனிக் கம்பிக்கு மேலால் பலகை உள்ளே சாய்ந்தபோது கீழே கை தட்டினார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று கையைக் காட்டினேன். காட்டாமல் இருக்க முடியுமா?

அன்றே ஆப்பு அடித்துப் பூட்டினேன். அசைத்துப் பார்த்தேன், மலை மாதிரி நின்றது. மகளிடம் சொல்லி மனைவியைக் கூட்டிவரச் செய்தேன். வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டிலைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். தலைமாட்டைத் தடவினாள். முகம் மலர்ந்தது. பிறகு கேட்டாள்:

"மெத்தை எங்கை?"

"நாளைக்கு வாங்கிப்போடுறன். அது என்ன பெரிய வேலை?"

அங்கேதான் விசயம் வந்து நின்றது. கடையில் அளவைச் சொன்னேன். கடைக்காரப் பெட்டை என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். இத்தாலியில் இருவர் படுக்கும் மெத்தை நூற்று அறுபது சென்ரிமீற்றர், இல்லாவிட்டால் நூற்று எண்பது. என் கட்டில் இரண்டுக்கும் நடுவில் நின்றது. சின்னதைப் போட்டால் பக்கத்தில் கால் போகிற அளவுக்குப் பள்ளம். பெரியதைப் போட்டால் சட்டத்தில் ஏறி வாழைத்தண்டு மாதிரி வளையும். அனுஷ நட்சத்திரத்துக்கு இந்த நாட்டில் மெத்தை செய்வதில்லை.

மச்சானுக்கு எப்படியோ அன்றைக்கே தெரிந்துவிட்டது.

"ஆபிரிக்காவைச் சுற்றி வந்த கட்டில், மெத்தை இல்லாமல் நிக்குது! மச்சான், சட்டத்தை ரெண்டு பக்கமும் கொஞ்சம் சீவிவிடு. ஆருக்குத் தெரியப்போகுது?"

"சீவினா அளவு போயிடும்."

"அப்ப சின்ன மெத்தையைப் போட்டு, பள்ளத்துக்குள்ளை தலகணி செருகு."

மகளும் அதையே சொன்னாள். பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது, ஆட்களுக்குச் சொல்லியாகிவிட்டது. வீட்டுக்காரி இல்லாமல் பால் காய்ச்சவா முடியும்? நான் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். செருப்பைக் கொழுவிக்கொண்டாள்.

"நீங்கள் ஆறுதலாப் பாருங்கோ," என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போனாள். மெதுவாக என்ற கருத்தில் 'ஆறுதலா' என்று அவள் சொன்னால், உடனே செய் என்று அர்த்தம்.

அளவில் பிழை என்று எல்லோரும் சொன்னார்கள். நான் இன்றைக்கும் ஒத்துக்கொள்ளமாட்டேன். கட்டில் சரி. மெத்தைகள்தான் பிழை.

பிரான்காச்சோவில், குடியிருப்புக் கட்டிடங்களுக்குப் பின்னால், கையால் மெத்தை தைக்கிற ஒருவர் இருந்தார். எத்தனையோ பழைய மெத்தைகளை அவரிடம் கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன். வாயில் எப்போதும் ஊசி, அதனால் பாதிச் சொல்தான் வெளியே வரும். அளவைச் சொன்னேன்.

"இந்த அளவில் யார் படுக்கிறது?" என்றார்.

"என் மனைவி."

"அவ என்ன, மகாராணியா?"

"சி," என்றேன். எனக்கு முதன்முதல் தெரிந்த சொல்.

அவர் ஊசியை வாயிலிருந்து எடுத்தார். ஒரு மூலையில் குவித்திருந்த கம்பளியைக் காட்டினார். பழைய பணக்கார வீட்டு மெத்தையைப் பிரித்து எடுத்து, கீறிச் சுத்தம் செய்த கம்பளி. இப்போது இப்படிக் கிடைக்காது, இதுதான் திறம் என்றார். நல்ல கம்பளிதான், கையை வைத்தாலே தெரிந்தது. ஆனால் அதில் யாரோ படுத்திருக்கிறார்கள்.

"புதுக் கம்பளி வேண்டும். செம்மறியைத் தவிர வேறு ஒருவரும் பாவிக்காதது."

"புதுக் கம்பளி மணக்கும். கழுவிக் காயவைக்க வேண்டும். எனக்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை."

"நான் கழுவுகிறேன்."

கழுவினேன். மொட்டை மாடி முழுக்கக் கம்பளியை விரித்தேன். அந்தக் கிழமை சிறோக்கோ அடித்தது, ஆபிரிக்காப் பக்கமிருந்து வருகிற சூட்டுக் காற்று. எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு திட்டினார்கள். எனக்கோ அந்தக் காற்று கூலி இல்லாத வேலைக்காரன். காலையில் விரித்தது மத்தியானம் மொறுமொறு என்று காய்ந்தது. கொஞ்சம் பறந்துபோய் மூன்றாம் மாடிக் கிழவியின் கொடியில் காய்ந்த உடுப்பில் ஒட்டியது. அவ மேலே ஏறி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றா. விசயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, சட்டையில் ஒட்டிய கம்பளியை ஒவ்வொன்றாகப் பிடுங்கி என் சாக்குக்குள் போட்டுவிட்டுப் போனா.

மெத்தைக்காரர் தைத்தார். கூலிக்கு என்ன வேண்டும் என்றேன். நான் வாடகை வீட்டிலிருந்து கழற்றி வானுக்குள் வைத்திருந்த வால்நட் கட்டிலை அவர் கண்டிருந்தார். அதைக் கேட்டார். திராட்சைக் குலையைக் கண்டதும் அவர் முகம் பிள்ளை முகம் மாதிரியானது. கொடுத்தேன். அந்தக் கட்டிலில் உயிர் போன கிழவியை அவருக்குத் தெரியாது. அவருக்கு அது நல்ல மரம், அவ்வளவுதான். நல்ல மரம்தானே.

பால் காய்ச்சுகிற நாள் விடிந்தது. மெத்தையைத் தூக்கி வைத்தேன். நாலு பக்கமும் விரல் நுழைய இடமில்லாமல், மூடி போட்ட மாதிரி இறங்கியது. மனைவி புதுச் சீலையில் வந்தாள். பால் நல்ல பக்கமாகப் பொங்கி வழிந்தது. சாமிப்படத்துக்கு முன்னால் கும்பிட்டோம். பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கட்டிலின் கதை ஊர் முழுக்கப் பரவியிருந்தது. பாலுக்கு வந்ததை விடக் கட்டில் பார்க்க வந்ததுதான் கூட. நான் வெள்ளை வேட்டி கட்டி, அறைக்குள் வைத்து என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனதில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். மரம், ஆப்பு, ஆபிரிக்கா, கப்பி, கம்பளி.

ஆட்கள் சாப்பாட்டுக்கு இருக்கும்போது மனைவி, "ஒருக்கா நாரியைச் சாய்ச்சுப்போட்டு வாறன்," என்று உள்ளே போனாள். கொஞ்ச நேரம் பொறுத்து எட்டிப் பார்த்தேன். புதுச் சீலையோடு, பக்கவாட்டாக, கன்னத்துக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு நல்ல நித்திரை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. வெளியே வீடு முழுக்கச் சனம், பிள்ளைகள் இத்தாலியிலும் தமிழிலும் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள், அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டு அதற்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன்.

மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். பின்னால் ஒரு கூட்டம்.

"எங்கை மச்சான் உந்தக் கட்டில்? காட்டன் பாப்பம். நானும் கயிறு பிடிச்சனான்தானே."

"மெல்லக் கதை."

"என்ன?"

"உன்ரை தங்கச்சி படுத்திருக்கிறா."

"இந்த நேரத்திலையோ?"

"ஓம். இந்த நேரத்திலைதான்."

அவன் கதவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஏதோ ஒரு நக்கல் வாய்வரை வந்தது, எனக்குத் தெரிந்தது. அதை விழுங்கிவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பி, "மெல்லக் கதையுங்கோ, தங்கச்சி நித்திரை," என்றான். அது பரவியது. அத்தனை சனமும் மெல்லிய குரலில் கதைத்து, மெல்லிய சத்தத்தில் பாயாசம் குடித்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கியது. என்ன விலை என்று கேட்டவர்களுக்கு நான் தலையை மட்டும் ஆட்டினேன். இந்த ஊரில் என் குரல் கேட்காத முதல் நாள் அதுதான் என்று மகள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

வெயில் பல்கனியை விட்டு இறங்கிய நேரம் கதவு திறந்தது. கன்னத்தில் சீலைக்கரை பதிந்த அடையாளத்தோடு நின்றாள்.

"ஆக்கள் எல்லாம் போட்டினமோ? ஏன் என்னை எழுப்பேல்லை?"

"ஏன் எழுப்ப?"

"கட்டிலைப் பாத்தவையோ?"

"இல்லை. ஒருத்தரையும் விடேல்லை."

"நீங்களோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். நம்பவில்லை. பிறகு மூலையில் என் பாய் சுருட்டாமல் கிடந்ததைக் கண்டாள். குனிந்து அதைச் சுருட்டிச் சுவரோடு நிறுத்தினாள்.

"நடுவிலை ஒருக்கா முழிச்சனான்," என்றாள். "கை சும்மா கிடந்தது."